மூன்றாவது முறை போர் அடிக்கும் முன் கிராங்கை அளந்து பாருங்கள்

கேள்வி: "ஐயா, எங்கள் அப்பா 1984-ல் வாங்கிய புல்லட் 350 எங்களிடம் இருக்கிறது. கத்தரி, வெண்டை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு முப்பது வருடம் சந்தைக்குப் போன வண்டி. அப்பா காலமான பிறகு 11 வருடம் மாட்டுக் கொட்டகையில் நின்றது. போன வருடம் கறவை மாடு ஒன்றை விற்று இன்ஜின் வேலை பார்த்தோம். கனெக்டிங் ராடு கிட், பேரிங், பிஸ்டன் எல்லாம் புதிது. நான்கே மாதத்தில் பிஸ்டன் கீறல் விழுந்தது. மறுபடி போர் அடித்து அடுத்த அளவு பிஸ்டன் போட்டோம். இப்போது அதுவும் சத்தம் போடுகிறது. 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஃபுட்ரெஸ்ட்டில் கால் மரத்துப் போகிறது. மெக்கானிக் மூன்றாவது போர் அடிக்கலாம் என்கிறார். வீட்டில் பழைய இரும்புக்குப் போடச் சொல்கிறார்கள். என்ன செய்வது?"

- வாசகர், ஆரணி வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.

இந்தக் கடிதத்துக்கு முதல் பதில் தொலைபேசியிலேயே சொல்லப்பட்டுவிட்டது: மூன்றாவது போர் வேண்டாம். ஒவ்வொரு போருக்கும் சிலிண்டர் சுவர் மெலிகிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் ஸ்லீவ் போட வேண்டிவரும். எட்டு மாதத்தில் இரண்டு பிஸ்டன் கெட்டால், கோளாறு பிஸ்டனில் இருக்க வாய்ப்பு குறைவு. பிஸ்டனை ஆட்டுகிற பொருளைப் பார்க்க வேண்டும். அது கீழே, கண்ணுக்குத் தெரியாமல் கிராங்க் கேசுக்குள் இருக்கிறது.

தூக்கிப் போடாமல் வைத்திருந்த பழைய பிஸ்டனையும், வண்டியிலிருந்து கழற்றிய இரண்டாவது பிஸ்டனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொன்னதில் பாதி விஷயம் விளங்கிவிட்டது. பிஸ்டனின் முன்பக்கமும் பின்பக்கமும் தேய்வது இயல்பு. வேலை செய்யும்போது பாரம் விழுவது அங்கேதான். ஆனால் பிஸ்டன் பின் இருக்கும் இரு பக்கவாட்டிலும் தேய்மானம் தெரியக்கூடாது. இந்த வாசகரின் இரண்டு பிஸ்டனிலும் இடது பக்கம் மேல் ஓரத்திலும், வலது பக்கம் கீழ் ஓரத்திலும் பளபளவென்று தேய்ந்திருந்தது. குறுக்காக, அதுவும் இரண்டிலும் ஒரே இடத்தில். பிஸ்டன் சாய்ந்து ஓடியிருக்கிறது என்று அர்த்தம். ராடு வளைந்திருக்கலாம் என்ற சந்தேகம் அங்கே எழுந்தது. பழைய பிஸ்டனைக் கடையிலேயே விட்டுவிட்டு வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அது வெறும் கழிவல்ல. உள்ளே நடந்ததற்கு அதுதான் சாட்சி.

கால் மரத்துப் போகிற ஆட்டத்துக்கு ராடு மட்டும் காரணமாக இருக்க முடியாது. அதைத் தனியாகத்தான் தேட வேண்டும்.

இன்ஜினைப் பிரிக்கும் முன்

ஆட்டம் என்றதும் இன்ஜினைப் பிரிப்பது தவறு. புல்லட்டில் இன்ஜினும் வண்டிச் சட்டத்தின் ஒரு பகுதி மாதிரிதான் நிற்கிறது. முன்பக்கத் தட்டு, பின்பக்கம் கியர்பாக்ஸோடு சேரும் தட்டு, தலைப்பகுதியைச் சட்டத்தோடு பிடிக்கும் பட்டை என எல்லா போல்ட்டையும் ஸ்பேனர் வைத்துப் பார்க்க வேண்டும். இதில் ஒன்று தளர்ந்தாலே வண்டி உதறும். காசில்லாத வேலை இது. ஆரணி வாசகரின் வண்டியில் தலைப்பகுதிப் பட்டையே இல்லை; கடந்த முறை மாட்ட மறந்திருக்கிறார்கள். அதை வாங்கி மாட்டியதில் கொஞ்சம் குறைந்தது, முழுதாக நிற்கவில்லை.

அடுத்தது இடது பக்க பிரைமரி கவர். பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டில் இந்த மூடி நடுவில் உள்ள ஒரே ஒரு நட்டில்தான் நிற்கிறது. ஃபுட்ரெஸ்ட்டைக் கழற்றி, கீழே ஒரு தட்டு வைத்து ஆயிலைப் பிடித்துக்கொண்டால், மூடியை வீட்டிலேயே எடுத்துவிடலாம். உள்ளே கிராங்க் தண்டின் முனையில் மின்சாரம் எடுக்கும் ரோட்டர் சுழல்கிறது. அதைச் சுற்றி ஸ்டேட்டர். இரண்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி. ரோட்டர் காந்தம் என்பதால் இரும்பு ஃபீலர் கேஜ் ஒட்டிக்கொள்ளும். கல்யாணப் பத்திரிகை அட்டையிலிருந்து மெல்லிய கீற்று வெட்டிக்கொண்டால் போதும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றியபடி ஸ்டேட்டரின் ஒரே இடத்தில் கீற்றை வைத்துப் பார்க்க வேண்டும். சுற்றச் சுற்ற இடைவெளி கூடிக் குறைந்தால் ரோட்டரோ, அதைத் தாங்கும் தண்டோ நேராக ஓடவில்லை. சுற்றினாலும் அந்த இடத்தில் மாறாமல், ஸ்டேட்டரின் மேலே ஓர் அளவும் கீழே ஓர் அளவும் இருந்தால் ஸ்டேட்டர் சரியாக உட்காரவில்லை, அல்லது பேரிங் தேய்ந்து தண்டு இறங்கியிருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது, முதலாவதுக்கு இன்ஜினைப் பிரிக்க வேண்டும், இரண்டாவதில் ஸ்டேட்டர் மட்டும் என்றால் அங்கேயே சரிசெய்துவிடலாம்.

ஆரணி வாசகரின் ரோட்டரில் ஒரே இடத்தில் மட்டும் உரசிய தழும்பு இருந்தது. ஸ்டேட்டரிலோ சுற்றிலும் லேசான கீறல். அதாவது சுற்றும் பொருளின் ஒரு பக்கம்தான் எட்டி உரசியிருக்கிறது. இனி கிராங்கை வெளியே எடுத்து அளப்பதைத் தவிர வழியில்லை.

கிராங்க் ஒரே துண்டல்ல

கிணற்று மேட்டில் ஓடும் டீசல் இன்ஜினைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அதன் கிராங்க் ஒரே துண்டாக அடித்துச் செய்தது. ராடின் கீழ்க்காது இரண்டாகப் பிளந்து போல்ட்டால் சேர்க்கப்பட்டிருக்கும். பேரிங் மாற்ற கிராங்கைத் தொடவே வேண்டாம்.

புல்லட் அப்படியல்ல. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் உருவான வடிவம் அது. 1956 முதல் சென்னை திருவொற்றியூரில் தயாரானது. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி. இதில் இரண்டு கனமான ஃப்ளைவீல் வட்டுகள். நடுவில் ஒரு கிராங்க் பின் கோத்து, நட் போட்டு இறுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு வட்டிலிருந்தும் வெளிப்பக்கம் ஒரு தண்டு நீள்கிறது. ராடின் கீழ்க்காது முழு வளையம். எனவே கிட் மாற்ற வேண்டுமென்றால் வட்டுகளைப் பிரித்தே ஆக வேண்டும். ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத், பழைய மொபெட்டுகள் எல்லாவற்றிலும் கிராங்க் இப்படித் துண்டுகளைச் சேர்த்ததுதான். அவற்றில் நட் இல்லாமல் பிரஸ்ஸில் அழுத்திப் பொருத்தியிருப்பார்கள்.

பிரித்ததைச் சேர்க்கும்போது இரண்டு தண்டும் தானாக ஒரே நேர்கோட்டில் வந்து நிற்காது. எவ்வளவு கைதேர்ந்தவர் சேர்த்தாலும் நிற்காது. அளந்து, தட்டி, மறுபடி அளந்துதான் நிறுத்த வேண்டும். பல இடங்களில் விட்டுப்போவது இந்த ஒரு படிதான். விளிம்பில் ஸ்கேல் வைத்துக் கண்ணால் பார்த்து, "நேராத்தான் இருக்கு" என்று மூடிவிடுகிறார்கள். ஸ்கேல் ஆரம்ப வேலைக்கு உதவும். முடிவு சொல்ல அதற்குத் தகுதியில்லை.

மோட்டாரும் பம்பும் தனித்தனியாக இருந்து கப்ளிங் போட்ட செட் வைத்திருப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கப்ளிங்கில் இரண்டு விதத் தவறு வரும். ஒன்று, மோட்டார் தண்டும் பம்பு தண்டும் இணையாக இருந்தும் ஒன்று சற்று மேலே, ஒன்று சற்று கீழே நிற்பது. கப்ளிங் விளிம்பில் ஸ்கேல் வைத்தால் தெரிந்துவிடும். இன்னொன்று, இரண்டு தண்டும் கோணலாகச் சந்திப்பது. கப்ளிங் முகங்களுக்கிடையே மேலே ஓர் இடைவெளி, கீழே ஓர் இடைவெளி இருக்கும். சரிசெய்யாமல் ஓட்டினால் ரப்பர் புஷ் தூளாகும், பேரிங் போகும். புல்லட் கிராங்கிலும் இதே இரண்டு தவறுகள்தான். மாவாகிப் போக ரப்பர் புஷ் இல்லாததால் அடி முழுவதும் பேரிங்கிலும் வண்டிச் சட்டத்திலும், கடைசியில் ஓட்டுபவரின் காலிலும் இறங்குகிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது இந்தக் கோணல் விநாடிக்கு 50 முறை உதறுகிறது.

லேத் பட்டறையில் நடந்தது

வாசகர் முதலில் போன பட்டறையில், "புல்லட்டுன்னா ஆடத்தான் செய்யும் தம்பி, இதுக்கெல்லாம் டயல் வைக்கிறதில்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேலூரில் பம்பு தண்டு கடையும் வயதான டர்னர் ஒருவர், கிராங்கைப் பார்த்ததும் வாங்கிக்கொண்டார். புல்லட் மெக்கானிக்கைத் தேடி அலைவதைவிட, டயல் கேஜும் நிதானமும் உள்ள டர்னரைத் தேடுவது நல்லது. இந்த வேலைக்கு வண்டி ஞானத்தைவிட அளவு ஞானம்தான் முக்கியம்.

அவர் முதலில் செய்தது தண்டு முனைகளில் உள்ள சென்டர் குழிகளைத் துடைத்துப் பார்த்ததுதான். அந்தக் குழியில் அடிபட்டிருந்தால் லேத் சென்டரில் கிராங்க் சரியாக நிற்காது. டயல் காட்டும் அளவு பொய்யாகிவிடும். குழி கெட்டிருந்தால் தண்டுகளை வி-பிளாக்கில் தாங்கி அளக்க வேண்டும்.

பிறகு கிராங்கை இரண்டு சென்டருக்கு நடுவில் நிறுத்தி, இரு தண்டிலும் பேரிங் உட்காரும் இடத்தில், வட்டை ஒட்டி டயல் வைத்துச் சுற்றினார். செயின் பக்கத் தண்டில் முள் 0.14 மில்லிமீட்டர் ஆடியது. டைமிங் பக்கத்தில் 0.12. ஒரு தண்டு முன்புறம் உயர்ந்தபோது மற்றது பின்புறம் உயர்ந்தது.

இந்த எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது? முள் மொத்தம் 0.14 ஆடினால் தண்டின் மையம் விலகியிருப்பது அதில் பாதி, 0.07. சில பட்டறைகளில் பாதியைச் சொல்வார்கள், சிலர் முழுதைச் சொல்வார்கள். "எவ்வளவு அவுட்?" என்று கேட்கும்போது, முள்ளின் மொத்த ஆட்டமா, பாதியா என்றும் கேட்டுவிட வேண்டும். இப்படிச் சேர்த்துக் கோத்த கிராங்குக்கு, முள்ளின் மொத்த ஆட்டம் 0.02 முதல் 0.03 மில்லிமீட்டருக்குள் வந்தால் நல்ல வேலை. 0.05-ஐத் தாண்டினால் மாட்டக்கூடாது. குறிப்பிட்ட வண்டியின் பணிமனைக் கையேடு கிடைத்தால் அதில் உள்ள அளவுக்கே முதலிடம்.

எந்தத் தவறுக்கு எங்கே தட்டுவது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தவறான இடத்தில் தட்டிக் கெடுத்த கிராங்குகள் நிறைய.

சென்டரில் நிறுத்தி, வட்டை ஒட்டிய இடத்தில் அளக்கும்போது, ஒரு தண்டு ஒரு பக்கமும் மற்றது நேர் எதிர்ப் பக்கமும் உயர்ந்தால், அதுவும் கிராங்க் பின்னுக்குக் கால்வட்டம் தள்ளி உயர்ந்தால், ஒரு வட்டு பின்னைச் சுற்றி லேசாகத் திரும்பி நிற்கிறது. கப்ளிங்கில் மேலும் கீழுமாக நிற்பது போன்றது இது. எந்தத் தண்டு எந்தப் பக்கம் உயர்ந்ததோ அந்த வட்டின் விளிம்பில் அதே பக்கத்தில் தட்ட வேண்டும். ஆரணி வாசகரின் கிராங்கில் இருந்தது இதுதான்.

இரண்டு தண்டும் கிராங்க் பின் இருக்கும் பக்கமே உயர்ந்தால், பின்னுக்கு எதிர்ப்பக்கத்தில் வட்டுகள் ஒன்றையொன்று நெருங்கியிருக்கின்றன. அந்த எதிர்ப்பக்கத்தில் வட்டுகளுக்கு நடுவே மரம் அல்லது அலுமினிய ஆப்பு வைத்து மெதுவாக விரிக்க வேண்டும். இரண்டும் பின்னுக்கு எதிர்ப்பக்கம் உயர்ந்தால், அங்கே வட்டுகள் விரிந்திருக்கின்றன. அதே இடத்தில் கிளாம்ப் போட்டு நெருக்க வேண்டும். இவை இரண்டும் கோணல் வகை. இரண்டு வகையும் கலந்தும் வரும். அப்போது முதலில் திருகலைச் சரிசெய்துவிட்டுக் கோணலுக்குப் போவது நல்லது.

ஒரு எச்சரிக்கை. வி-பிளாக்கில் பேரிங் இடத்தைத் தாங்கி, தண்டின் வெளி முனையில் டயல் வைத்தால், மேலே சொன்ன திசைகள் எல்லாம் தலைகீழாகிவிடும். எந்த முறையில் அளக்கிறோம் என்று தெரியாமல் சுத்தியலை எடுக்கக்கூடாது.

தட்டுவதற்குத் தாமிரம் அல்லது ஈயச் சுத்தியல்தான் வேண்டும். இரும்புச் சுத்தியல் வட்டின் விளிம்பைச் சிதைக்கும், சிதறல் கண்ணில் படும். லேத் சென்டரில் வைத்தபடியே தட்டினால் லேத்தும் கெடும், சென்டர் குழியும் கெடும். அந்த டர்னர் ஒவ்வொரு முறையும் கிராங்கைக் கீழே இறக்கி, ஒரே ஒரு தட்டு தட்டி, மறுபடி ஏற்றி அளந்தார். ஐந்தாவது தட்டில் 0.02, 0.03 என்று வந்து நின்றது. பிறகு கிராங்க் பின் நட்டை முழு இறுக்கம் கொடுத்தார். மறுபடி அளந்தபோது 0.06 ஆகியிருந்தது. நட் இறுகும்போது வட்டு கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். வாசகருக்கு முகம் வாடிவிட்டதாம். டர்னர் சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு தட்டு தட்டி, மறுபடி 0.03-க்குள் கொண்டுவந்தார். இறுக்கிய பிறகு அளப்பதுதான் உண்மையான அளவு. அதற்கு முன் எடுத்த அளவை யாரும் நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போகக்கூடாது.

ராடு வளைந்த கதை

அடுத்தது ராடு. கிராங்கை இன்ஜின் கூட்டில் உட்காரவைத்து, ராடின் மேல்காதில் சரியாகப் பொருந்தும் நேரான உருளைக் கம்பி ஒன்றைச் செருக வேண்டும். சிலிண்டர் உட்காரும் முகத்தில் ஒரே உயரமுள்ள இரண்டு கட்டைகளை இருபக்கமும் வைத்து, கம்பி அவற்றின்மேல் இறங்கும்படி கிராங்கைச் சுற்ற வேண்டும். கம்பி இரண்டு கட்டையிலும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் ராடு நேர். ஒன்றில் உட்கார்ந்து மற்றதில் வெளிச்சம் தெரிந்தால் வளைவு. இங்கே வலது பக்கம் வெளிச்சம் தெரிந்தது.

எட்டே மாதமான புதிய ராடு எப்படி வளைந்தது? முதல் பிஸ்டனை மாட்டியபோது பின்னை எப்படிப் போட்டார்கள் என்று கேட்டதில் விடை கிடைத்தது. இறுக்கமாக இருந்ததால் ஒரு பக்கம் கம்பி வைத்துச் சுத்தியலால் அடித்து ஏற்றியிருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் பிஸ்டனை யாரும் தாங்கிப் பிடிக்கவில்லை. அந்த அடி முழுவதையும் ராடுதான் வாங்கியிருக்கிறது. பிஸ்டனைக் கொதிநீரில் நனைத்த துணியால் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்தால் அலுமினியம் விரிந்து, பின் கட்டை விரலுக்கே நகரும். அடிக்கும் தேவையே வராது.

வளைவு சிறியது என்பதால் டர்னர் அதே கம்பியைக் கைப்பிடி போலப் பிடித்து, சூடு காட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி நேராக்கினார். சிறு வளைவுக்கு இது சரி. பெரிய வளைவோ திருகலோ என்றால் ராடை மாற்றத்தான் வேண்டும். அப்போது வட்டுகளைப் பிரித்து மொத்த வேலையும் மறுபடி வரும். அதனால் கிராங்க் வட்டுகளைத் தட்ட ஆரம்பிக்கும் முன்பே ராடைப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். இந்த வாசகர் விஷயத்தில் வரிசை மாறியும் தப்பித்தது அதிர்ஷ்டம்தான்.

மூடுவதற்கு முன் ஆயில் வழி. இந்த இன்ஜினில் டைமிங் பக்கத் தண்டின் முனையில் உள்ள திருகுப் பல்தான் ஆயில் பம்புகளை ஓட்டுகிறது. அதன் மரை இடது மரை. தெரியாமல் எதிர்த்திசையில் முறுக்கி முனையை உடைத்தவர்கள் உண்டு. டைமிங் மூடியிலிருந்து ஒரு கார்க் சீல் வழியாக ஆயில் தண்டுக்குள் நுழைந்து, கிராங்க் பின்னின் துளை வழியாக ராடின் கீழ்க்காது பேரிங்குக்குப் போகிறது. அந்தக் கார்க் நைந்திருந்தாலும், கிட் மாற்றும்போது பின்னின் துளை வட்டின் துளையோடு பொருந்தாமல் உட்கார்ந்திருந்தாலும், கிராங்க் எத்தனை நேராக இருந்தும் பயனில்லை, பேரிங் எரிந்துவிடும். தண்டு முனையில் ஆயில் கேன் வைத்து அழுத்தி, ராடின் காதில் ஆயில் கசிகிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. கார்க் சீலின் விலை ஒரு டீ, வடை செலவுக்குள் அடங்கும். பழையதை மறுபடி போட்டு மிச்சம் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள்!

இரும்புக்குப் போடலாமா?

இந்தக் கேள்வியில் ஆட்டத்தைவிடப் பெரிய விஷயம் இரண்டு இருக்கின்றன. ராடின் கீழ்க்காது பேரிங் ஓட்டத்தில் பிடித்துக்கொண்டால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். மூட்டையோடு, பின்னால் வீட்டாரோடு போகும்போது அப்படி நடந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. அடியிலிருந்து தட்டும் சத்தம் கேட்டால், "சந்தை வரைக்கும் ஓட்டிப் பார்ப்போம்" என்று போகக்கூடாது. ஓட்டத்தில் திடீரென்று இன்ஜின் இறுகுவது போலத் தெரிந்தால் முதலில் கிளட்ச்சைப் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது, ராடு முறிந்தால் கிராங்க் கேஸை உடைத்துக்கொண்டு வெளியே வரும். இன்ஜின் எண் பொறித்திருப்பது அந்தக் கூட்டில்தான். கூட்டை மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகாது; வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்றுப் பதிவு செய்ய வேண்டும். 15 ஆண்டு கடந்த வண்டிக்கு ஆய்வும் பதிவுப் புதுப்பித்தலும் ஏற்கெனவே இருக்கின்றன. அதோடு இதுவும் சேர்ந்தால் அப்பாவின் வண்டி கொட்டகையிலிருந்து வெளியே வரவே வராது.

ஆரணி வாசகருக்கு லேத் கூலி, கார்க், கேஸ்கட், புது ரிங் செட் ஆகியவற்றோடு வேலை முடிந்தது. இரண்டாவது பிஸ்டனில் தேய்மானம் மேலாக மட்டும் இருந்ததால் சிலிண்டரை ஹோனிங் மட்டும் செய்து அதையே போட்டார்கள். மூன்றாவது போர் தேவைப்படவில்லை. முதல் 500 கிலோமீட்டருக்கு வேகத்தை மாற்றி மாற்றி, முழு த்ராட்டில் கொடுக்காமல் ஓட்டச் சொல்லியிருக்கிறது. இப்போது 60-ல் கால் மரக்கவில்லை என்கிறார். 70-க்கு மேல் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி மங்கலாகத்தான் தெரிகிறதாம். ஒரே பிஸ்டன், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். அந்த ஆட்டத்தை எந்த டர்னராலும் எடுக்க முடியாது. அதற்காக வட்டில் ஓட்டை போட்டு எடை குறைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம்.

இன்ஜின் வேலைக்குக் கொடுக்கும் மற்ற வாசகர்கள், கிட் மாற்றினால் இரண்டு பக்கத் தண்டின் டயல் அளவையும் நட் இறுக்கிய பிறகு எடுத்து பில்லில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். எழுத மறுக்கும் இடத்தில் கிராங்கைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

கேள்வி: "பிரஷ் கட்டர் பிளேடு கல்லில் மோதியதிலிருந்து கை நடுங்கும் அளவுக்கு ஆடுகிறது. கிராங்க் கோணிவிட்டதா?"

- வாசகி, ஒட்டன்சத்திரம்.

பெரும்பாலும் இல்லை. முதலில் பிளேடைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கவும். ஆட்டம் நின்றால் பிளேடுதான் வளைந்திருக்கிறது. அதைத் தட்டி நிமிர்த்திப் பயன்படுத்தக்கூடாது, புதிதுதான் போட வேண்டும். நிற்காவிட்டால் முனைக் கியர் பேரிங், குழாய்க்குள் ஓடும் தண்டு, கிளட்ச் என்ற வரிசையில் பார்க்கவும். மேலே இன்ஜினுக்கும் தண்டுக்கும் நடுவே கிளட்ச் இருப்பதால் கல்லில் பட்ட அடி கிராங்க் வரை முழுதாகப் போவதில்லை.

கிராங்க் கோணுவது வேறு வழியில்தான் அதிகம். ஃப்ளைவீலைக் கழற்றப் புல்லர் இல்லாமல், தண்டின் முனையில் சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். சிறிய கிராங்க் என்பதால் அழுத்திப் பொருத்திய இணைப்பு உடனே நகர்ந்துவிடும். அப்படிக் கோணியிருந்தால், இந்த அளவு இன்ஜினுக்குத் தட்டி நேராக்கும் கூலி கட்டுப்படியாகாது. முழு கிராங்க் செட்டையே மாற்றுவது லாபம்.

கேள்வி: "பத்து வருடம் நின்ற பழைய புல்லட்டை நேராக உதைத்து ஸ்டார்ட் செய்யலாமா?"

- வாசகர், பெருந்துறை.

கூடாது. ரிங் துருப்பிடித்துச் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். உதைத்தால் ரிங் உடையும். பிளக்கைக் கழற்றி, கொஞ்சம் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி இரண்டு நாள் விட வேண்டும். பிறகு நான்காவது கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கவும். நகர்ந்தால் நல்லது, நகராவிட்டால் இன்னும் இரண்டு நாள். கட்டை வைத்து நெம்புவது, இன்னொரு வண்டியில் கட்டி இழுப்பது எல்லாம் வேண்டாம்.

இந்த வண்டியில் ஆயில் தொட்டி கிராங்க் கேஸோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. நீண்ட நாள் நின்றால் ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் சுற்றும் அறையில் தேங்கிவிடும். அடியில் உள்ள வடிகால் போல்ட்டுகளைத் திறந்து எல்லாவற்றையும் வடித்து, ஃபில்டரை மாற்றி, புது ஆயில் ஊற்றவும். பிளக் இல்லாமலேயே கிக்கரை இருபது முறை மிதித்துவிட்டு, தொட்டி மூடியைத் திறந்து ஆயில் திரும்பி வருகிறதா என்று பார்க்கவும். வந்தால் பிளக்கை மாட்டலாம்.